கரண்டி சாய்கிற கோணம்

“ஓட்டல்ல ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டா எத்தனை கலோரின்னு எழுதிக்கட்டும்?” உணவியல் ஆலோசகர்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் கிடையாது. கேட்பவர் கையில் போன் இருக்கும், போனில் ஆப் இருக்கும். அதில் நெய் ரோஸ்ட் என்று தட்டினால் ஐந்தாறு எண்கள் வரிசைகட்டி வந்து நிற்கும், ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசத்தில். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வது தொழிலுக்கு அழகல்ல. ஏன் சொல்ல முடியவில்லை என்று துருவிப் பார்த்தால், ஓட்டல் சாப்பாட்டில் எதை எண்ண வேண்டும், எதை எண்ணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது தெளிந்துவிடும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதார்த்தத்தின் பேரைப் பார்த்து எண்ணாதீர்கள். எண்ணெயை எண்ணுங்கள், இரண்டாம் தடவை பரிமாறியதை எண்ணுங்கள். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் குடி முழுகிவிடாது.

நெய் ரோஸ்ட்டையே பிரித்துப் பார்க்கலாம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால், ஊறும்போது குடித்த தண்ணீரும் அரைக்கும்போது ஊற்றிய தண்ணீருமாகச் சேர்ந்து ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். அப்படியானால் நூறு கிராம் மாவில் அரிசியும் உளுந்துமாக 40 கிராம் சொச்சம்தான், மிச்சம் தண்ணீர். அரிசியோ உளுந்தோ, நூறு கிராமுக்கு 350 கலோரி என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. ஆக நூறு கிராம் மாவு 145 கலோரி பக்கம் நிற்கும். ரோஸ்ட்டுக்கு மாஸ்டர் ஊற்றுவது ஒரு கரண்டி மாவு. அந்தக் கரண்டி கடைக்குக் கடை மாறும், ஒரே கடைக்குள் மாறாது. மாறினால் தோசை ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வரும், சாப்பிடுகிறவர் சத்தம் போடுவார், முதலாளிக்கு மாவுக் கணக்கு உதைக்கும். நூறு கிராமிலிருந்து நூற்றிருபது கிராம் வரை என்று கொண்டால் மாவின் பங்கு 145 முதல் 175 கலோரி வரை. இந்த முப்பது கலோரி இழுபறிக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கல்லைப் பாருங்கள். காலை எட்டரை மணி நெரிசலில் பெரிய கல்லில் நாலு ரோஸ்ட் ஒரே வரிசையில் வெந்துகொண்டிருக்கும். தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளி, மாவை ஊற்றி, கரண்டியின் அடியால் சுழற்றி விரித்து முடித்ததும் மாஸ்டரின் கை நெய்ப் பாத்திரத்துக்குப் போகிறது. அங்கே அளவு ஸ்பூன் எதுவும் கிடையாது. கரண்டியை முக்கியெடுத்து நாலு தோசைக்கும் மேலே ஒரே வீச்சில் ஓட்டிக்கொண்டு போவார். முதல் தோசைக்குக் கரண்டி நிறைந்திருக்கும், நாலாவதற்கு வடிந்திருக்கும். கரண்டி சாய்கிற கோணம்தான் அளவு. இரண்டு டீஸ்பூன் விழுந்தால் ஒன்பது கிராம், 80 கலோரி. இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் 27 கிராம், 240 கலோரி. மாவையும் கூட்டிக்கொண்டால் ஒரு ரோஸ்ட் 240 கலோரியில் இறங்குகிறது, அதே கல்லில் பக்கத்தில் வெந்த ரோஸ்ட் 400 கலோரியில் இறங்குகிறது. கடை ஒன்று, மாஸ்டர் ஒருவர், பில்லில் விலையும் ஒன்று. கண்ணால் பார்த்தால் இரண்டுமே பொன்னிறம்தான். ஒன்று சற்றுக் கூடுதலாக மினுக்கும், அவ்வளவே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லியிருக்கும் எண்ணெய், நெய் அளவு 27 கிராம். அந்த இரண்டாவது தோசையோடு, காலை ஒன்பது மணிக்கே, அன்றைய ஒதுக்கீடு காலி.

இதன் பின்னே இருப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4, ஒரு கிராம் கொழுப்பில் 9. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வில்பர் ஆட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் போட்டுக் கொடுத்த கணக்கு. உணவுப் பொட்டலங்களின் மீது அச்சாகிற எண்களுக்கு இன்றும் அடிப்படை அதுவே. கொழுப்பு எடைக்கு எடை இரண்டு மடங்குக்கு மேல் என்பது எல்லாருக்கும் தெரியும். அது இடத்தை அடைக்காது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். நூறு கலோரிக்குச் சோறு வேண்டுமானால் ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் இலையில் விழ வேண்டும், கண்ணுக்குத் தெரியும், வயிற்றுக்கும் தெரியும். நூறு கலோரிக்கு எண்ணெய் என்றால் ஒரு மேசைக்கரண்டிகூட வேண்டாம். அது பொங்கலுக்குள் ஒளிந்துகொள்ளும், சால்னாவில் மிதக்கும், ரவா தோசையின் ஓட்டைக்குள் இறங்கிவிடும்.

இங்கேதான் பிழைகளில் இரண்டு சாதி உண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு இட்லி கொஞ்சம் பெரிசு, நாளைக்குக் கொஞ்சம் சிறிசு. இன்றைக்குச் சோறு ஒரு கரண்டி கூட, நாளைக்கு ஒரு கரண்டி குறைய. இந்த மாதிரிப் பிழை இருபுறமும் ஆடும். ஒரு மாதம் எழுதிக் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொரு சாதிப் பிழை ஒரே பக்கம் சாயும். ஓட்டல் எண்ணெயை நாம் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம், ஒருநாளும் கூட்டி மதிப்பிடுவதில்லை. வீட்டில் தோசைக்கு ஒரு ஸ்பூன் விடுகிற கண், கடைத் தோசையையும் அதே ஒரு ஸ்பூனாகத்தான் பார்க்கும். முப்பது நாள் எழுதினாலும் இந்தப் பிழை அடிபடாது, முப்பது மடங்காகச் சேரும். “ஒரு மாதமாக 1500க்கு மேலே போகவே இல்லை, எடை மட்டும் ஏறுகிறது” என்று நோட்டைக் காட்டுகிறவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் நினைப்பதில்லை. அவருடைய நோட்டில் அரிசி சரியாக இருக்கும். எண்ணெய் இருக்காது.

மனிதர்கள் எவ்வளவு குறைத்து எழுதுவார்கள் என்பதற்கு எங்கள் துறையில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் ஆய்வு 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் உட்கொண்டதை அளந்து பார்த்தார்கள். எழுதிக் கொடுத்ததைவிட உண்மை வெகுவாக உயர்ந்திருந்தது. சராசரியாக 47 சதவீதம் கணக்கில் வராமல் போயிருந்தது. உடல் உழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இது அமெரிக்கர்களின் கதை, சிறிய ஆய்வு, உடல் பருமன் உள்ளவர்களை வைத்துச் செய்தது என்றெல்லாம் ஆட்சேபிக்கலாம். அந்த 47 என்ற எண்ணை நம் ஊருக்கு அப்படியே தூக்கிவைக்க நானும் தயாரில்லை. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் நம் ஊருக்கும் பொருந்தும்.

சமையலறைக்காரர்களே எண்ணை எழுதி ஒட்டிவிட்டால் இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சட்டமும் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் மெனு கார்டிலோ பலகையிலோ ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பரிமாறும் அளவையும் கலோரியையும் போட வேண்டும். 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய சைவ ஓட்டல் சங்கிலிகளிலும் பீட்சா, பர்கர் கடைகளிலும் அந்த எண்ணைப் பார்க்கலாம். ஆனால் நம் ஆள் தினம் சாப்பிடுவது தெருமுனை மெஸ்ஸில், கையேந்தி பவனில், பேருந்து நிலையத்துப் பரோட்டா கடையில். ஒரே ஒரு கிளை, அதுவும் பாதி நடைபாதையில். விதி அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

எட்டிப் பார்க்கும் இடத்திலும் எண் எவ்வளவு நிற்கும்? அமெரிக்காவில் 42 உணவகங்களிலிருந்து 269 பதார்த்தங்களை வாங்கி, ஆய்வகத்தில் எரித்து அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகச் சராசரி பார்த்தால் அச்சிட்ட எண்ணும் அளந்த எண்ணும் ஒத்துப்போயின. தனித்தனியாகப் பார்த்தால் 19 சதவீதப் பதார்த்தங்களில் சொன்னதைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதல். அதிலும் ஒரு வேடிக்கை: கலோரி குறைவு என்று போட்டிருந்த பதார்த்தங்களில்தான் அளந்த எண் கூடுதலாக இருந்தது. எடையைக் குறைக்க நினைப்பவர் மெனுவில் தேடிப் பிடிக்கும் வரிகள் அவைதான். எல்லாம் இயந்திர அளவில் நடக்கும் ஊரில் இந்த நிலை என்றால், மாஸ்டரின் மணிக்கட்டில் நடக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். மெனுவில் எண் போடுவதால் ஆட்களின் தேர்வு எவ்வளவு மாறுகிறது என்று உலக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு 2025இல் சொன்னது: சராசரியாக 1.8 சதவீதம். 600 கலோரிச் சாப்பாட்டில் 11 கலோரி. அதற்காக எண்ணை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பதார்த்தத்தில் எது கனம், எது லேசு என்று ஒப்பிட அது உதவும். வரவு செலவு நோட்டில் ஏற்றுவதற்குத்தான் உதவாது.

ஆப்புகளின் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கொஞ்சம் தோண்டினால் நீலகிரியில் போய் நிற்போம். 1918இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான் பின்னால் ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. குன்னூர்க் காலத்தில், 1937இல், ஆய்வக இயக்குநர் ஆய்க்ராய்ட் இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். அந்த மரபில் வந்ததுதான் 528 உணவுப் பொருள்களை அலசிய 2017ஆம் ஆண்டு அட்டவணை. எங்கள் மேசையில் எப்போதும் இருக்கும் நூல் அது, அதன் மீது எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் அது பிறந்த நோக்கத்தை மறக்கக் கூடாது. பற்றாக்குறை ஆண்ட காலம் அது. தவிடு நீக்கிய அரிசியைத் தின்று கால் மரத்துப்போனவர்களுக்கு எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. குறைவைத் தேடும்போது அரிசி, பருப்பு, கீரை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். எண்ணெய் ஏழை வீட்டில் தாளிப்பதற்கு மட்டும். இன்றைக்கு நாம் அதே மரபின் எண்களை வைத்துக்கொண்டு மிகுதியை எண்ணப் பார்க்கிறோம். அட்டவணை பச்சைப் பொருளைச் சொல்லும். நெய் ரோஸ்ட் என்றோ கொத்து பரோட்டா என்றோ அதில் வரி கிடையாது. பச்சைப் பொருளுக்கும் தட்டுக்கும் நடுவே நிற்கும் மாஸ்டரை எந்த அட்டவணையும் அலச முடியாது.

பரோட்டா இதற்கு நல்ல சாட்சி. ஒரு கிலோ மைதாவுக்குப் பதினாறிலிருந்து இருபது பரோட்டா விழும். ஒன்றுக்கு 50, 60 கிராம் மைதா, 175லிருந்து 210 கலோரி. இதுவரை சந்தேகமில்லை. பிறகு எண்ணெயின் ராஜ்ஜியம். பிசைந்த மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறுகின்றன. வீசும் மேசையே எண்ணெய் பூசியது. வீசி மெலிதாக்கிச் சுருட்டும்போது மேலே ஒரு தடவல், கல்லில் போட்டபின் சுற்றிலும் ஒரு விளாவல். கடைசியில் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டும்போது அடுக்கு பிரிவதற்குக் காரணமே இடையில் இருக்கும் அந்த எண்ணெய்தான். எண்ணெய் இல்லாத இடத்தில் அடுக்கு ஒட்டிக்கொள்ளும். அடுக்கு எவ்வளவு நன்றாகப் பிரிகிறதோ அவ்வளவு எண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பத்திலிருந்து பதினைந்து கிராம் என்றால் ஒரு பரோட்டா 270லிருந்து 340 வரை. விருதுநகர் பக்கத்துப் பொரிச்ச பரோட்டா எண்ணெயிலேயே முங்கி எழுவது, அதற்கு இந்தக் கணக்கும் போதாது. கொத்து என்றால் மூன்று பரோட்டா, ஒரு முட்டை, ஒரு கரண்டி சால்னா, கல்லில் மறுபடி எண்ணெய். ஆயிரத்தைத் தாண்டுவது வெகு சுலபம். அந்த டங்கு டக்கு சத்தத்துக்கு ஆசைப்பட்டு “மூணு பரோட்டாவுக்குப் பதிலா ஒரு கொத்து போதும்” என்பவர் குறைத்துக்கொண்டதாக நினைத்துக் கூட்டிக்கொள்கிறார்.

அடுத்தது மறுதடவை. நம் ஊர் ஓட்டலின் தனிச் சிறப்பே இதுதான். வேறு பல நாடுகளில் தட்டு வந்தால் வந்ததுதான். இங்கே சாம்பாரும் சட்னியும் வாளியோடு நடந்து வரும், வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் விழுந்துவிடும். தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டியில் தேங்காய் மட்டும் இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். தாளித்த எண்ணெயையும் சேர்த்தால் நூறு கலோரிக்குப் பக்கம். ஓட்டல் இட்லி ஒன்று 60 கிராம் எடையில் 80, 90 கலோரி. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன் என்று பெருமைப்படுகிறவர் மூன்று தடவை சட்னி வாங்கியிருந்தால், தெரியாமல் மூன்று இட்லி கூடச் சாப்பிட்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டில் இது இன்னும் கனம். முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என்று போர்டிலேயே இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பது நம் ஓட்டல்காரர்கள் நமக்குச் செய்திருக்கும் பெரிய உபகாரம். சாம்பாருக்கு ஒரு தரம், வத்தக் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு விழுந்தால் 500 கிராம் ஆவது தெரியவே தெரியாது. வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரி, ஆக 650. அளவுச் சாப்பாட்டில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த சோறு எவ்வளவோ அவ்வளவுதான். எந்த ஆப்பையும்விடத் துல்லியமான கருவி அந்தக் கிண்ணம்.

சின்னக் கடையும் பழைய பாணிச் சாப்பாடும் எவ்வளவோ மேல், பர்கர் கடைதானே ஆபத்து என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஐந்து நாடுகளில், இந்தியாவும் அதில் ஒன்று, 111 உணவகங்களிலிருந்து 223 சாப்பாடுகளை வாங்கி அளந்து 2018இல் பிஎம்ஜே இதழில் ஓர் ஆய்வு வந்தது. உட்கார்ந்து சாப்பிடும் உணவகச் சாப்பாட்டில் 94 சதவீதம் 600 கலோரியைத் தொட்டது. துரித உணவில் 72 சதவீதம். துரித உணவில் சராசரிக் கலோரி மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. பர்கர் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் அளவு கட்டுக்குள் இருக்கிறது, வாளி நடந்து வருவதில்லை என்பதுதான் பொருள். பாட்டி நெய்யில் குளித்துத் தொண்ணூறு வயது இருந்தார் என்பதும் இதே மாதிரி வாதம். பாட்டி நெய் ஊற்றிச் சாப்பிட்டது உண்மை. அந்த நெய் அவர் கையால் ஊற்றியது, எத்தனை ஸ்பூன் என்று அவருக்குத் தெரியும், மாதக் கடைசியில் ஜாடி காலியாகும்போது கணக்கும் தெரிந்துவிடும். ஓட்டலில் ஜாடி நம் கண்ணில் படுவதில்லை.

எண்ண ஆரம்பித்தால் சோறு சோறாக இறங்காது, மனசுக்கு வியாதி வந்துவிடும் என்கிற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சிலருக்கு, குறிப்பாக வயசுப் பெண்களுக்கு, எண்ணுவது ஒரு பிடியாகி, சாப்பாட்டின் மேலேயே பயம் வந்துவிடுவது உண்டு. அப்படிப்பட்டவர் கையில் நோட்டைக் கொடுக்கவே கூடாது, போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட வேண்டும். மற்றவர்களுக்கும் ஒவ்வொரு பருக்கையையும் எண்ணுவது தேவையில்லை என்றுதானே இத்தனை நேரம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய், மறுதடவை, அதோடு காபியில் விழும் சர்க்கரை. இந்த மூன்றை எண்ணுவதற்கு மனம் நோக வேண்டியதில்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் விஷயம் தனி, அதைச் சேர்த்துக் குழப்பக் கூடாது. ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வு 2023இல் தமிழகத்துக்குச் சொன்ன நீரிழிவு எண் 14.4 சதவீதம், ஓட்டலில் ஏழு பேர் உட்கார்ந்தால் சராசரியாக ஒருவர் இருப்பார் என்று எண்ணிக்கொள்ளலாம். அவர்களில் சாப்பாட்டு அளவைப் பார்த்து இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கலோரி முக்கியமல்ல, மாவுச்சத்தின் கிராம்தான் முக்கியம். அதை ஓட்டலில் கணக்கிடுவது கலோரியைவிடச் சுலபம், ஏனென்றால் எண்ணெய் கூடினாலும் குறைந்தாலும் இட்லியின் மாவுச்சத்து மாறாது. மூன்று இட்லி மூன்று இட்லிதான். ஆனாலும் எண்ணெய் அங்கேயும் விடாது. கொழுப்பு அதிகமான சாப்பாடு வயிற்றைவிட்டு மெதுவாக இறங்கும். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவருக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை அடக்கமாக இருக்கும், நடுராத்திரியில் ஏறியிருக்கும். “பரோட்டா எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்ற முடிவுக்கு ஆட்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

கலோரிப் பேச்சில் புரதம் அடிபட்டுப் போவதையும் சொல்ல வேண்டும். நீர்த்த சாம்பார் ஒரு கிண்ணத்தில் பருப்பு பத்துப் பதினைந்து கிராம் இருந்தால் அதிகம். புரதம் மூன்று கிராம் தேறும். ரோஸ்ட்டும் காபியுமாகக் காலையை முடித்தவர் பதினொன்றரைக்கு வடை தேடுவதில் ஆச்சரியமில்லை. பரோட்டா கடையில் மூன்றாவது பரோட்டாவுக்குப் பதிலாக ஒரு கலக்கியோ ஆஃப்பாயிலோ சொன்னால் முட்டைக்கு எழுபது கலோரியும் ஆறு கிராம் புரதமும், கல்லில் விட்ட எண்ணெய் கொஞ்சம். நூறைத் தாண்டினாலும் அவ்வளவாகத் தாண்டாது, பரோட்டாவின் முந்நூறோடு ஒப்பிட்டால் மிச்சம்தான்.

இதெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனின் கவலை, மூட்டை தூக்குகிறவனுக்கு எதற்கு என்று கேட்டால், ஆமாம், அவருக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். கோயம்பேட்டில் விடிய விடிய லோடு இறக்குகிறவருக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் கொடுத்த காசுக்குக் கிடைக்கிற மலிவான சக்தி. எண்ணெய் அவருக்கு ஒளிந்திருக்கும் எதிரி அல்ல, கூலிக்கேற்ற எரிபொருள். சிக்கல் எங்கே என்றால், அவருக்காக உருவான அந்தத் தட்டு அப்படியே ஏசி ரூமுக்கு இடம் மாறி, இரவு பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து, நாள் முழுக்க நாற்காலியைவிட்டு எழாதவர் மடியில் இறங்குகிறது. அளவு தெரிந்த தட்டும் இல்லாமலில்லை: 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 350 கிராம், தயிர் சாதம் 350 கிராம் என்று எடையை வரையறுத்தார்கள். எடை தெரிந்த சாப்பாடு நகரத்திலேயே மலிவான தட்டில்தான் வருகிறது.

ஓட்டலில் என்ன சொல்லி வாங்குவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “எண்ணெய் கம்மியா” என்றால் சப்ளையர் தலையாட்டுவார், உள்ளே போய்க் குரலும் கொடுப்பார். ஆனால் கம்மி என்பது மாஸ்டரின் அகராதியில் அவர் வழக்கத்திலிருந்து கொஞ்சம் குறைவு. வழக்கம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. “ஒரு கல் தோசை, எண்ணெய் விடாம” என்றால் குழப்பம் இல்லை. இல்லை என்பது அளவு, கம்மி என்பது அபிப்பிராயம். ரவா தோசைக்கு இந்தப் பேச்சே செல்லாது. நீர்த்த மாவு ஓட்டை ஓட்டையாக விழுந்து மொறுமொறுப்பாவதற்கு எண்ணெய் வேண்டும், விடாவிட்டால் கல்லைவிட்டுப் பெயராது. வெண்பொங்கலுக்கும் செல்லாது, நெய் அண்டாவிலேயே கலந்தாயிற்று. பிரியாணிக்கும் அப்படியே. ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு எண்ணெய், நெய் என்று தம் போடும் முன்பே முடிவாகிவிட்டது. அரை பிளேட் வாங்குவது ஒன்றுதான் அங்கே நம் கையில் இருப்பது.

ஆகவே நோட்டில் “நெய் ரோஸ்ட் 1, 350 கலோரி” என்று எழுதி வருகிறவரிடம் அந்த 350ஐ அடித்துவிடச் சொல்வோம். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ரோஸ்ட் ஒன்று, நெய் பளபளப்பு அதிகம், தேங்காய்ச் சட்னி இரண்டு தடவை, சாம்பார் ஒன்று, வடை இல்லை, காபி ஒன்று, சர்க்கரை அரை. கலோரி எண் கட்டாயம் வேண்டும் என்கிறவர், நெய் மினுக்கம் தெரிந்தால் மூன்று மேசைக்கரண்டி என்று கூட்டியே எழுதட்டும். நம் கண் இத்தனை நாள் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாயட்டும். எடையை வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்துப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் நாலு வாரத்தில் நோட்டும் தராசும் பேசிக்கொள்ள ஆரம்பிக்கும். தராசு ஏறி, நோட்டு இறங்கியிருந்தால் அரிசியைச் சந்தேகப்படாமல் “நெய்” என்று எழுதிய வரிகளுக்குத் திரும்பிப் போய், மேசைக்கரண்டி ஒன்றைக் கூட்டி மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.